நான்காம் இடம்

கிளிநொச்சியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்து
ஒட்டுசுட்டானுக்கு அப்பால், ஒரு குளக்கட்டில் நிற்கும்
கமராவின் கழுத்தைத் திருப்புகிறேன்.

முதல் நாள் அது திரும்பவில்லை.
அனுமதி இல்லை என்றது. நானூற்றொன்று என்றது.
மறுபடியும் நானூற்றொன்று.
பாஸ்வேர்டை மாற்றிய யாரோ ஒருவர்
பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார்.
பில் புத்தகம் வவுனியாவில்.

கிடைத்த இரவே இருபத்தொரு வரி எழுதினேன்.
இடம் ஒன்று, அளவுகோல்.
இடம் இரண்டு, வான்கதவு.
இடம் மூன்று, துருசு.
எட்டு விநாடி நில், படம் எடு, அனுப்பு, போ.
பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று,
மழை என்றால் இரண்டுக்கு ஒன்று.

கட்டளை போய்ச் சேர இரண்டு விநாடி.
அதற்குள் அது மாங்குளம் கடந்து, டவரில் ஏறி, காட்டில் இறங்கி,
சோலர் தட்டின் கீழே குளவி கூடு கட்டிய பெட்டிக்குள் நுழைந்து
ஒரு சின்ன மோட்டாரின் காதில் சொல்ல வேண்டும்:
வலப்பக்கம், எண்பது பாகை.

காவலுக்கு நிற்கும் கிருபைராசா அண்ணை போன் எடுத்தார்.
"தங்கச்சி, இது என்னைப் பாக்குது."
"துருசைத்தான் பாக்குது அண்ணை."
"துருசில நான்தானே குந்தியிருக்கிறன்."
அதன் பிறகு வந்த படங்களில் எல்லாம்
அவர் தலை வாரியிருந்தார்.

மூன்றாம் கிழமை வேறொரு நம்பர்.
பவளராணி என்று சொன்னா.
பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"துருசில இருந்து வான்கதவுக்குத் திரும்பேக்க
இடையில எங்கட படி வருது. குளிக்கிற படி."

படம் எடுப்பது மூன்று இடத்தில் மட்டும்,
இடையில் எதுவும் பதிவதில்லை என்று விளக்கத் தொடங்கினேன்.
என் திரை மூலையில் நேரடிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது:
கொக்கு, எருமை,
ஒரு சிவப்பு வாளி.
விளக்கத்தை நிறுத்தினேன்.

"முந்தி வண்டு சுத்தேக்கையும்
இதே படியிலதான் குளிச்சனாங்கள்.
வண்டுக்குப் போன் பண்ண நம்பர் இருக்கேல்ல.
இதுக்குக் கம்பத்தில உங்கட நம்பர் ஒட்டியிருக்கு."

அந்தச் சத்தம் எனக்கும் தெரியும்.
நுளம்பு மாதிரித் தொடங்கும்.
ஏழு வயதில், பங்கருக்குள்,
அது எத்தனை சுற்று என்று எண்ணியிருக்கிறேன்.

இருபத்திரண்டாம் வரி:
இருநூற்று மூன்றில் இருந்து இருநூற்று இருபத்தொரு பாகை வரை
போகாதே.
மற்றப் பக்கத்தால் சுற்று, காட்டைப் பார்த்தபடி, முழுத் தூரமும்.
இருபத்து மூன்று:
விடிய ஐந்தில் இருந்து ஏழு, பின்னேரம் நாலில் இருந்து ஆறரை,
இடம் நான்கில் நில்.
இடம் நான்கு, கட்டின் அந்தலையில் ஒரு பாலை மரம்.

இருபத்து நான்கை எழுத முன்
பவளராணியக்காவுக்கு நான் எடுத்தேன்.
"தண்ணி இருபத்தொரு அடியைத் தாண்டினா
அது எல்லாப் பக்கமும் பாக்க வேணும், அக்கா."
சிரித்தா.
"இருபத்தொண்டெண்டா படியே தண்ணிக்குள்ள.
ஆர் குளிக்கப் போறது? பாக்கட்டும்."

மாத அறிக்கையோடு எஞ்சினியர் இதயச்சந்திரன் வந்தார்.
இந்த மரம் ஏன் இவ்வளவு படத்தில்?
"மோட்டார் ஆறுது, சேர்."
முழுப் பொய்யும் இல்லை. இப்போது சுற்றுவது நெடுந்தூரம்.
அவர் ஒரு படத்தைப் பெரிதாக்கி
"பாலை பழுத்திட்டுது போல" என்றார்,
கையெழுத்து வைத்தார்.

மார்கழி. இரவு ஒன்று நாற்பது.
கண்ணாடி முழுக்க மழை. அளவுகோல் ஒரு வெள்ளைக் கறை.
கிருபைராசா அண்ணையின் போன் நனைந்துவிட்டது போல, எடுக்கவில்லை.
பிறகு இடம் ஒன்றுக்குள் அவரே நடந்து வந்தார்,
ரோச் லைட்டைத் தன் கையிலேயே அடித்தபடி.
இரண்டு விரல்.
ஒரு விரல்.
பிறகு பாதி மடக்கிய ஒன்று.

இருபத்தொன்றரை என்று தட்டினேன்.
இரண்டு விநாடி.
குறுக்கு வழியால் கமரா திரும்பியது.
இருநூற்றுப் பன்னிரண்டு பாகையில்
தண்ணீர்.